துடுப்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால்

போன மே மாதம் என் தங்கை மகன் கனடாவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தான். வந்த மூன்றாம் நாள் பர்ஸில் எதையோ தேடும்போது, ஓட்டுநர் உரிமம் மாதிரி ஒரு அட்டை கீழே விழுந்தது. என்னடா மாப்ளே இது என்று எடுத்துப் பார்த்தால், படகு ஓட்டுவதற்கான அட்டையாம். அவனுக்குக் கப்பல் கம்பெனியில் வேலையெல்லாம் இல்லை, ஒன்டாரியோவில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன். கோடையில் நண்பர்களோடு சேர்ந்து ஏரிக்கரையில் வீடு எடுத்துத் தங்குவார்களாம், அந்த வீட்டோடு வரும் சின்ன மோட்டார் படகைத் தொட வேண்டுமென்றால் இந்த அட்டை வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏரியில் படகு விட லைசென்ஸா? நான் பிறந்து வளர்ந்தது கொடைக்கானல். வீட்டிலிருந்து ஏரிக்கு அரை மணி நடை. நான் பார்த்த படகுக் கல்வியெல்லாம், டிக்கெட்டை வாங்கு, ஜாக்கெட்டை மாட்டு, பார்த்து ஏறு, அவ்வளவுதான்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கே ஒரு நாள் நடந்தது ஞாபகம் வந்தது. அதை இவ்வளவு நாள் வேடிக்கைக் கதையாகவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதினெட்டு வருஷம் இருக்கும். சீசன் உச்சத்தில் இருந்த ஒரு மே மாதம், தேனியிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. துடுப்புப் படகு ஒன்றை அரை மணி நேரத்துக்கு எடுத்தோம். ஊர்க்காரன் என்பதால் துடுப்பு என் கையில். மலை ஊர்க்காரனுக்கு ஏரியில் படகு ஓட்டத் தெரியாமலா போகும் என்று அவர்கள் நினைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் நானும் அப்படியே நினைக்க ஆரம்பித்துவிட்டேன். உண்மையில் அதுவரை ஐந்தாறு தடவைக்கு மேல் துடுப்பைத் தொட்டதில்லை. நீச்சல் சுத்தமாகத் தெரியாது, இந்தக் குளிரில் எவன் ஏரியில் இறங்கி நீச்சல் கற்றுக்கொள்வான். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டிருந்தேன், ஆனால் கல்யாண வீட்டில் தோளில் துண்டு போடுகிற மாதிரி. முன்பக்கத்து பக்கிள் ஒன்றுகூட மாட்டவில்லை. போட்டோவில் சட்டை தெரிய வேண்டுமே.

நடு ஏரிக்குப் போனதும் மச்சானுக்கு ஆசை வந்துவிட்டது. "நகருங்க மாப்ளே, நானும் கொஞ்சம் வலிச்சுப் பாக்குறேன்" என்று எழுந்தார். இடம் விடுவதற்காக நானும் எழுந்தேன். ஒரே நேரத்தில் இரண்டு பேர். படகு இடது பக்கம் சாய்ந்ததும் இரண்டு பேருமே பதறி வலது பக்கம் காலை வைத்தோம், அது அப்படியே வலது பக்கம் சாய்ந்து எங்கள் இரண்டு பேரையும் தண்ணீரில் கொட்டிவிட்டு நிமிர்ந்துகொண்டது. எல்லாம் ஒரு தும்மல் போடுகிற நேரம்தான்.

தண்ணீரில் விழுந்ததும் முதலில் தெரிந்தது பயம் இல்லை, குளிர். அந்தக் குளிருக்கு வாய் தானாகத் திறந்து ஒரு மூச்சை இழுத்தது, அந்த மூச்சோடு தண்ணீரும் உள்ளே போனது. ஜாக்கெட் மேலே எழும்பி இரண்டு காதுக்கும் மேலே வந்து நின்றுவிட்டது. அதாவது ஜாக்கெட் மிதந்தது, அதற்குள்ளே நான் தொங்கிக்கொண்டிருந்தேன். படகில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, அலறிக்கொண்டு நாலு பேரும் நான் இருந்த பக்கமாகவே வந்து கையை நீட்டினார்கள். படகு மறுபடி சாய ஆரம்பித்தது.

அப்போது பக்கத்துப் படகிலிருந்து ஒரு படகோட்டி அண்ணன் வலித்துக்கொண்டு வந்தார். அவர் போட்ட முதல் சத்தம் தண்ணீரில் கிடந்த எங்களைப் பார்த்து இல்லை, படகில் இருந்தவர்களைப் பார்த்து. "எல்லாரும் உக்காருங்க! ஒருத்தரும் கை குடுக்காதீங்க!" அப்புறம் தன் துடுப்பை என் பக்கம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். பக்கவாட்டில் ஏற விடவில்லை, "அமரத்துக்குப் போ, அமரத்தைப் பிடி" என்றார். அமரம் என்றால் படகின் பின்பக்கம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது, அவர் துடுப்பாலேயே என்னை அங்கே தள்ளிக் கொண்டுபோனார். மச்சான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மெதுவாக இழுபட்டே கரைக்கு வந்தோம். கரையில் வைத்து எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், கூடவே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எந்தப் படகுத்துறை என்பது இங்கே முக்கியமில்லை. துடுப்பைக் கையில் கொடுத்தபோது யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது உண்மை. சொல்லியிருந்தாலும் காது கொடுத்துக் கேட்கிற நிலையில் நாங்கள் இல்லை என்பதும் உண்மை. இரண்டாவது உண்மைதான் என்னை இதை எழுத வைக்கிறது.

மருமகனிடம் அந்த அட்டையைப் பற்றிக் குடைந்து கேட்டேன். கனடாவில் மோட்டார் வைத்த எந்த உல்லாசப் படகை ஓட்டுவதற்கும் தகுதிச் சான்று வேண்டும். எஞ்சின் எத்தனை சின்னதாக இருந்தாலும் சரி. 1999-ல் ஆரம்பித்து வயது வாரியாக, படகின் அளவு வாரியாகப் படிப்படியாகக் கொண்டுவந்து, 2009 செப்டம்பரில் எல்லாருக்கும் கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள். இணையத்திலேயே பாடம், குறைந்தது மூன்று மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும், சும்மா கீழே கீழே தள்ளிவிட்டுப் போக விடாது. அப்புறம் 50 கேள்வி. 75 சதவீதம் வாங்கினால் தேர்ச்சி. அட்டை வாழ்நாள் முழுக்கச் செல்லும். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் சின்ன வயதுக்காரர்களிடம் தொடங்கி வருஷா வருஷம் விரித்துக்கொண்டே போய், 2025 ஜனவரி 1 முதல் மோட்டார் படகு ஓட்டும் எல்லா வயதினருக்கும் என்று கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. ஃப்ளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்கு அப்புறமோ பிறந்தவர்களுக்கு மட்டும். அதற்கு முன்னால் பிறந்த பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது! நம் ஊரில் படகில் எழுந்து நிற்பவர்களை நான் கவனித்த வரை, மீசை நரைத்தவர்களே அதிகம்.

இதெல்லாம் அதிகாரிகள் பொழுது போகாமல் செய்த வேலை இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை வருஷா வருஷம் உல்லாசப் படகு விபத்துக் கணக்கை வெளியிடுகிறது. 2023-ல் 564 பேர் இறந்திருக்கிறார்கள். அதில் நூற்றுக்கு 75 பேர் மூழ்கி இறந்தவர்கள். மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. படகு ஓட்டியவர் பயிற்சி பெற்றவரா இல்லையா என்று தெரிந்த விபத்துகளை மட்டும் எடுத்தால், இறந்தவர்களில் எழுபது சதவீதத்துக்கு மேல் பயிற்சியே இல்லாதவர் ஓட்டிய படகில் இருந்தவர்கள். இந்தக் கடைசிக் கணக்கைப் பிடித்துக்கொண்டு நான் ரொம்பக் குதிக்க மாட்டேன். ஏனென்றால் ஓட்டுபவர்களிலேயே பெரும்பாலானோர் பயிற்சி இல்லாதவர்களாக இருந்தால், விபத்திலும் அவர்கள்தானே பெரும்பாலானோராக இருப்பார்கள். ஆனால் ஜாக்கெட் கணக்கு நேராக நெஞ்சில் குத்துகிறது. எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. தோளில் துண்டு மாதிரி போட்டிருந்த என்னைப் போன்றவனை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

நான் இவ்வளவு ஆர்வமாகக் கேட்பதைப் பார்த்துவிட்டு மருமகன் என் தலையில் ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றினான். "மாமா, அங்கேயும் துடுப்புப் படகுக்கும் பெடல் போட்டுக்கும் அட்டை வேண்டாம். மோட்டாருக்கு மட்டும்தான்." அப்படியானால் நம் ஏரிக்கு இந்தப் பேச்சே பொருந்தாதே என்று நினைத்தேன். ஆனால் அடுத்து அவன் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. வாடகைக்கு மோட்டார் படகு எடுக்கிற ஆளிடம் அட்டை இல்லையென்றால், வாடகைக்கு விடுபவர் ஒரு சரிபார்ப்புத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து, புரிந்தது என்று கையெழுத்து வாங்க வேண்டும். படகு எப்படி நகரும், ஜாக்கெட் எங்கே, இந்த ஏரியில் எந்த இடம் ஆபத்து, ஆள் விழுந்தால் என்ன செய்வது, இப்படி. அந்த வாடகைக் காலத்துக்கு அந்தத் தாள்தான் அவருடைய தகுதிச் சான்று. மூன்று மணி நேரப் பாடமும் 50 கேள்வியும் நமக்கு வேண்டாம், சரி. இந்தத் தாள் நமக்கு ஏன் வேண்டாம்? கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வருகிறவர்கள் எல்லாருமே வாடகைப் படகுக்காரர்கள்தானே.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1917-ம் வருஷத்துப் பழைய உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-ல் புதுச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். எஞ்சின் வைத்த படகைப் பதிவு செய்ய வேண்டும், ஆய்வுக்கு விட வேண்டும், ஓட்டுபவரிடம் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். ஊட்டிக்குப் பக்கத்துப் பைக்காராவில் உங்களை ஸ்பீடு போட்டில் வைத்து ஒரு வட்டம் அடித்துக் காட்டுபவர் இந்த வகையில் வருவார். அங்கே உங்களுக்கு இருக்கும் ஒரே வேலை உட்கார்ந்திருப்பது. ஆனால் கொடைக்கானல் ஏரியிலும் ஊட்டி ஏரியிலும் பெடல் போட்டை எடுத்துக்கொண்டு போகிறீர்களே, அங்கே ஓட்டுநர் யார்? நீங்கள்தான். காலையில் வத்தலக்குண்டு தாண்டி வளைவு வளைவாக ஏறி, பெருமாள் மலையில் வாந்தி எடுத்து, மத்தியானம் ஒரு பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு நீங்கள் கேப்டன். அதை உங்களிடம் யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஊட்டி ஏரி ஜான் சல்லிவன் காலத்தில் 1820-களில் வெட்டியது. எங்கள் ஏரி அதற்குத் தம்பி, 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டியது. அந்த லெவிஞ்ச்தான் இந்த ஏரிக்கு முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தவர் என்று சொல்வார்கள். அப்போது இங்கே மோட்டார் ரோடு எல்லாம் கிடையாது. ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்பார்களே, அது மலையில் ஆள் தோளிலும் ஏறியிருக்கிறது. என்னைக் காப்பாற்றிய அண்ணனுக்கும் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம்தான். அணியம், அமரம், தண்டு வலிப்பது என்று அவர் பேசுவது எல்லாம் கடற்கரைப் பேச்சு. இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது "படகு வந்துருச்சு தம்பி, படகோட வந்திருக்க வேண்டிய புத்தி வரல" என்றார்.

படகு கடலுக்கு உரியது, ஏரி என்பது ஏதோ பெரிய தொட்டி என்கிற நினைப்பு எங்கள் ஊரில் எல்லாருக்கும் உண்டு. எங்கள் ஏரி நட்சத்திரம் மாதிரி கிளை கிளையாக விரிந்தது, சுற்றுச் சாலை ஐந்து கிலோமீட்டர். ஒரு கிளைக்குள் நீங்கள் புகுந்துவிட்டால் படகுத்துறையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிய மாட்டீர்கள். கத்தினால் கேட்காது. மத்தியானத்துக்கு மேல் மூடுபனி எப்போது இறங்கும் என்று எங்களாலேயே சொல்ல முடியாது, இறங்கினால் உங்கள் துடுப்பின் நுனி உங்களுக்கே தெரியாது. காற்று வேறு. பெடல் போட்டுக்கு மேலே கூரை இருக்கிறது பாருங்கள், அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். எவ்வளவு மிதித்தாலும் படகு ஓரமாகவே போய்க் கரையோரப் பாசியில் சிக்கும். சிக்கியதும் வீட்டில் மூத்த ஆண்மகன் "இருங்க நான் இறங்கித் தள்ளுறேன்" என்பார். இறங்காதீர்கள். அந்தச் சேறு எவ்வளவு ஆழம் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

துடுப்புப் படகில் வேறொரு வேடிக்கை. வலிப்பவர் பின்னால் பார்த்துத்தான் உட்கார வேண்டும், படகு அவர் முதுகுப் பக்கமாகப் போகும். அதாவது ஓட்டுநருக்குச் சாலை தெரியாது. நாலு வலிப்புக்கு ஒரு தடவை தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணாக இருந்து சொல்ல வேண்டும். அவர் பெரும்பாலும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்.

எதிரே இன்னொரு படகு நேருக்கு நேர் வந்தால்? நம் கை தானாக இடது பக்கம் ஒடிக்கும், சாலையில் பழகிய பழக்கம். தண்ணீரில் வழக்கம் தலைகீழ். இரண்டு படகும் அவரவர் வலது பக்கம் ஒதுங்க வேண்டும், கடலில் போகிற பெரிய கப்பலுக்கும் இதே விதிதான், உலகம் முழுக்க. மருமகனுக்கு இது சுலபம், அவன் ஊரில் காரே வலது பக்கம்தான் ஓடுகிறது. நமக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நின்று பாருங்கள், ஒருவர் இடது பக்கம் ஒதுங்க, இன்னொருவர் வலது பக்கம் ஒதுங்க, இரண்டும் ஒரே பக்கமாகப் போய் டொம் என்று மோதும், இரண்டு குடும்பமும் சிரிக்கும். மோதிய நேரத்தில் ஒரு குழந்தை எழுந்து நின்றிருந்தால் சிரிப்பு இருக்காது.

எழுந்து நிற்பது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தாலே எனக்குப் போதும். உட்கார்ந்திருக்கும்போது உங்கள் எடை படகின் வயிற்றில் இருக்கிறது, நின்றால் அந்த எடை இரண்டு மூன்று அடி மேலே போய்விடுகிறது, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிற கதை. எல்லாரும் ஒரு பக்கம் நகர்ந்தால் இன்னும் மோசம், அதற்குப் பெரிய படகும் தப்பாது. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது தேக்கடி, தேனிக்காரர்களுக்குப் பக்கத்து ஊர். 2009 செப்டம்பர் 30-ம் தேதி அங்கே கவிழ்ந்தது இரண்டு தளம் வைத்த படகு, ஓட்டியவர் தொழில்முறை ஆள். கரையில் விலங்கு தெரிகிறது என்று மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள். 45 பேர் போய்விட்டார்கள். படகின் அமைப்பு, ஏற்றிய ஆள் எண்ணிக்கை என்று வேறு குறைகளும் விசாரணையில் பேசப்பட்டன. ஆனால் அந்த நகர்வை எந்தச் சான்றிதழ் வைத்த ஓட்டுநராலும் நிறுத்த முடியாது, நகர்கிறவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் பாடம் ஓட்டுபவருக்கு மட்டும் இல்லை, ஏறுகிற எல்லாருக்கும் என்கிறேன். 2024 ஜனவரியில் வதோதரா ஏரியில் பள்ளிக்கூடச் சுற்றுலா போன 12 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தது இன்னொரு வகை. அளவுக்கு மேல் ஏற்றியது, பல பிள்ளைகளுக்கு ஜாக்கெட்டே போடாதது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கை ஓடாது, விட்டுவிடுகிறேன்.

ஜாக்கெட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. எல்லா பக்கிளையும் மாட்டி வாரை இழுத்து இறுக்கிய பிறகு, வேறொருவர் உங்கள் தோள்பட்டையில் அதைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். உங்கள் தாடை உள்ளே போய் ஜாக்கெட் காது வரைக்கும் வந்தால் அது உங்கள் ஜாக்கெட் இல்லை, வேறு கேளுங்கள். குழந்தைக்குக் குழந்தை அளவுதான், பெரியவர் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டினால் போதும் என்பது சரிப்படாது, விழுந்ததும் பிள்ளை கீழே நழுவிவிடும். கால்களுக்கு நடுவே போகும் வார் இருந்தால் அதையும் மாட்டுங்கள், அசிங்கமாகத்தான் இருக்கும்.

குளிரைப் பற்றியும் ஒன்று. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர், குளிர்ந்த நீரில் மனிதனுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்குத் தானே பனிக்கட்டித் தண்ணீருக்குள் இறங்கி ஆராய்ச்சி செய்தவர். அவர் சொல்வது ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிஷம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர, அடுத்த பத்து நிமிஷம் கைகால் சொன்ன பேச்சைக் கேட்கும், உடம்பு சூடு இறங்கி நினைவு தப்ப ஒரு மணி நேரம். அது உறைநிலைத் தண்ணீருக்கான கணக்கு, எங்கள் ஏரி அவ்வளவு மோசமில்லை. ஆனால் அந்த முதல் நிமிஷம் இங்கேயும் உண்டு, நான் அனுபவித்தவன். அந்த நிமிஷத்தில் நீந்தப் பார்க்காதே, முகத்தை மேலே வைத்துக்கொண்டு மூச்சை மட்டும் பார், அப்புறம் படகைப் பிடி, கரை பக்கத்தில் தெரிகிறது என்று படகை விட்டுப் போகாதே. இந்த நாலு வார்த்தையை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் அவ்வளவு தண்ணீர் குடித்திருக்க மாட்டேன்.

சரி, இதை யார், எங்கே, எப்போது சொல்வது? என் மனசில் முதலில் வந்தது இ-பாஸ். உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வருகிறவர்கள் இணையத்தில் விவரம் கொடுத்து இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கப் போகிறீர்கள் என்று ஏற்கெனவே கேட்கிறார்கள். அங்கேயே "படகில் போவீர்களா?" என்று ஒரு கேள்வி, ஆம் என்றால் இரண்டு நிமிஷ வீடியோ, அப்புறம் மூன்று கேள்வி. கட்டாயம். வீட்டிலேயே முடிந்துவிடும், படகுத்துறையில் யாருக்கும் நேரம் வீணாகாது. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போய் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். நாலாவது ஆள் வேன் ஓட்டும் தம்பி. "அண்ணே, போன மாசம் மட்டும் நாப்பது பேருக்கு இ-பாஸ் போட்டுக் குடுத்திருக்கேன். அப்ப நாப்பது பேருக்கும் படகுப் பரீட்சை நான்தான் எழுதணும்" என்றான். யோசனை அங்கேயே படுத்துவிட்டது.

ஆகவே துறையில்தான் சொல்ல வேண்டும், துடுப்பு கைமாறுகிற இடத்தில். படகோட்டி அண்ணனிடம் கேட்டேன். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, படகுக்குப் போவதில்லை, கரையில் உட்கார்ந்து எல்லாரையும் திட்டுவார். "பத்து நிமிஷம் பாடம் எடுத்தா சீசன்ல வரிசை ஏரியை ஒரு சுத்து சுத்திரும் தம்பி" என்றார். நியாயம்தான். "அதோட, துடுப்பைக் குடுக்குறவன் கையில அந்த நேரத்துல டிக்கெட் இருக்கும், கயிறு இருக்கும், இன்னொருத்தன் சில்லறை கேட்டுக்கிட்டு நிப்பான்." அதுவும் நியாயம். வரிசை எப்படியும் நிற்கத்தானே போகிறது, அந்த வரிசையிலேயே சொன்னால் என்ன என்று கேட்டேன். வரிசை நிற்கிற இடத்தில் தரையில் ஒரு பழைய படகைக் கட்டிப் போட்டு, அதில் ஏறி இறங்கிக் காட்டலாம். ஜாக்கெட்டை இறுக்கிக் காட்டலாம். விமானத்தில் அந்தப் பெண்கள் கையை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார்களே, யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்தும் காட்டுகிறார்களே, அந்த மாதிரி. முடிந்ததும் துடுப்பு பிடிக்கப் போகிறவர் மட்டும் ஒரு தாளில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "இந்தப் படகுக்கு ஓட்டுநர் நான்." அந்தக் கையெழுத்து சட்டத்துக்காக இல்லை. பேனாவைப் பிடிக்கிற அந்த இரண்டு விநாடியில் ஒருவனுக்கு உறைக்கும், அதற்காக. குடித்துவிட்டு வந்தவனை அங்கேயே அடையாளம் கண்டுகொள்ளவும் சௌகரியம், கோடு நேராக வராது.

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கையெழுத்துப் போடச் சொன்னா பாதிப் பேரு பயந்து ஏற மாட்டான்" என்றார். அப்புறம் அவரே, "ஏறாட்டிப் போறான்" என்றார்.

அரசாங்கம் இதையெல்லாம் செய்யும் வரை நான் என் அளவில் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். வீட்டின் ஒரு பகுதியை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறோம். காலையில் இட்லி வைக்கும்போது, இன்றைக்கு ஏரியா என்று கேட்பேன். ஆமாம் என்றால் விட மாட்டேன். என் பழைய ஜாக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன், அதைக் குடும்பத் தலைவருக்கு மாட்டிவிட்டுத் தோளைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். மொத்தம் ஐந்து நிமிஷம், இட்லி ஆறாது. ஒருவர் இணையத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று நட்சத்திரம் போட்டு, அறை சுத்தம், சாப்பாடு அருமை, உரிமையாளர் தேவையில்லாமல் பயமுறுத்துகிறார் என்று எழுதியிருந்தார். வீட்டம்மா அந்த இரண்டு நட்சத்திரத்துக்காக இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மருமகன் ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் நாங்கள் எல்லாரும் ஏரிக்குப் போனோம். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு நான் படகில் ஏறியது அன்றைக்குத்தான். ஓட்டுநர் அவன், அட்டை வைத்திருப்பவன் ஆயிற்றே. எங்களுக்கு முன்னால் வரிசையில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், எட்டுப் பேர். ஏழு பேரும் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவது ஒரு பாட்டி, எழுபத்தைந்து வயது இருக்கும், கண்டாங்கிச் சேலைக்கு மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே ஜாக்கெட். பக்கிளைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தவர், என்னிடம் வந்து "இதை எதுலய்யா மாட்டணும்?" என்றார். மாட்டிக் கொடுத்தேன். தோளைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம் பாட்டி திரும்பிப் போய், போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்த மகனின் பக்கிளை ஒவ்வொன்றாகப் பிடித்து மாட்ட ஆரம்பித்தார்.